யாரிடம் போய்க் கேட்பது?

எர்ணாகுளம் உயர்நீதிமன்றச் சந்திப்பில் வைப்பின் செல்லும் பேருந்தில் ஏறினால், சில நிமிடங்களில் கோஸ்ரீ பாலங்களின் வழியாகக் காயலைக் கடந்து, போல்காட்டி, வல்லார்பாடம் ஆகிய தீவுகளைத் தாண்டிச் செல்லலாம். 2004-ஆம் ஆண்டில் அப்பாலங்கள் திறக்கப்படுமுன் தீவு மக்களுக்குப் படகை விட்டால் வேறு வழி இல்லை. இன்று வல்லார்பாடத்தை நெருங்குகையில், சன்னலோரம் அமர்ந்திருப்பவர் கண்ணில் படுவது காயலோரத்தில் வரிசையாக நிற்கும் இராட்சதக் கிரேன்கள். 11-2-2011 அன்று அப்போதைய பிரதமர் டாக்டர் மன்மோகன் சிங் திறந்து வைத்த பன்னாட்டுச் சரக்குப் பெட்டக மாற்று முனையம் அது. டி.பி. வேர்ல்டு நிறுவனம் அதனை நடத்தி வருகிறது.

பெட்டகங்கள் அங்கே அடுக்கப்படுகின்றன, எடுக்கப்படுகின்றன, லாரிகளில் ஏற்றப்படுகின்றன. ஆனால் துறைமுகம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றும் மனிதத் திரள், தலையில் சும்மாடு வைத்து மூட்டை சுமக்கும் வரிசை, அங்கே இல்லை. எந்தப் பெட்டகம் எந்த அடுக்கில் இருக்க வேண்டும், எந்த லாரி எந்த வரிசைக்குச் செல்ல வேண்டும் என்பதை இத்தகைய முனையங்களில் கணினி மென்பொருளே வகுத்துக் கொடுக்கிறது. மனிதர் அதன் சொற்படி நடக்கின்றனர்.

செயற்கை நுண்ணறிவைக் குறித்து எழுத வந்தவன் துறைமுகத்தில் ஏன் நிற்கிறான் என்று வாசகர் கேட்கலாம். இயந்திரம் மனிதனைப்போல் சிந்திக்குமா, அதற்கு ஆத்துமா உண்டா என்னும் விவாதங்கள் எங்கும் நடைபெறுகின்றன. அவற்றைக் கற்றறிந்தோர் எழுதட்டும். பிழைப்புக்காக ஊரை விட்டு நகரத்துக்கு வந்த நமக்கு அதைவிட நெருக்கமான கேள்வி ஒன்று உண்டு: இன்று உனக்கு வேலை உண்டு, உனக்கு இல்லை என்று சொல்லுகிறது யார்? அப்படிச் சொல்லப்பட்டவன் யாரிடம் போய்க் கேட்பது? இந்தக் கேள்வி கொச்சிக்குப் புதியதன்று.

சாப்பா

வல்லார்பாடத்துக்குத் தெற்கே, காயலின் மறுகரையில் இருக்கிறது மட்டாஞ்சேரி. மிளகும் இஞ்சியும் ஏலமும் மணக்கும் பழைய பண்டகசாலைகளின் வீதி இன்றும் அங்கே உண்டு. ஆங்கிலேயப் பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ காயலை ஆழப்படுத்தி, அள்ளிய மண்ணால் வில்லிங்டன் தீவை உருவாக்கிய பின்பு, கொச்சி பெருந்துறைமுகமாயிற்று. கப்பல்கள் வந்தன, கப்பல்களைத் தேடி ஏழைகளும் வந்தனர்.

அவர்களுக்கு வேலை பகிர்ந்தளிக்கப்பட்ட முறைக்குச் 'சாப்பா' என்று பெயர். காலையில் தொழிலாளர் கூட்டமாகக் காத்து நிற்பர். ஒப்பந்தக்காரரின் ஆளான மூப்பன் ஒரு கை நிறைய உலோக வில்லைகளை எடுத்து அக்கூட்டத்தின்மேல் எறிவான். வில்லை யார் கையில் அகப்பட்டதோ அவனுக்கு அன்று வேலை. மற்றவன் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். ஒரு வில்லைக்காகப் பலர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டு அடித்துக்கொள்வர். வலியவன் பிடிப்பான், வயதானவனும் நோயுற்றவனும் மண்ணில் கிடப்பர். தேவசாயலாகச் சிருஷ்டிக்கப்பட்ட மனிதனைக் கோழிக்குத் தானியம் இறைப்பதுபோல் நடத்திய காலம் அது.

அம்முறைக்கு எதிராகத் தொழிலாளர் எழும்பினர். 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி மட்டாஞ்சேரியில் காவல்துறையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். சைது, சைதலவி, ஆன்றணி என்னும் மூவரை அப்போராட்டத்தில் உயிர் நீத்தவர்களாக மட்டாஞ்சேரி இன்றும் நினைவுகூருகிறது. 2023-இல் இதனை வைத்து 'துறமுகம்' என்னும் மலையாளத் திரைப்படமும் வெளிவந்தது. (திரைப்படம் குறித்த நம் சபைகளின் நிலைப்பாடு வாசகருக்குத் தெரியும், வரலாற்றை அறிய அதுதான் வேண்டும் என்பதும் இல்லை.) காலப்போக்கில் சாப்பா ஒழிந்தது, பெயர் பதிந்த தொழிலாளருக்கு முறை வைத்து வேலை கொடுக்கும் ஒழுங்கு உண்டாயிற்று.

அந்த ஒழுங்கும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1956-இல் அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்பவர் 58 இரும்புப் பெட்டகங்களை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். 1973-இல் 'பிரசிடெண்ட் டைலர்' என்னும் கப்பல் இந்தியாவுக்கு வந்த முதல் பெட்டகக் கப்பலாக இதே கொச்சியில் நங்கூரமிட்டது. மூட்டையாகச் சுமந்த சரக்கு பெட்டகமாக மாறியபின், நூறு தோள்கள் செய்த வேலைக்கு ஒரு கிரேனும் ஒரு மென்பொருளும் போதுமானவையாயின. இப்போது கேரளத்தின் தென்கோடியில் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டுள்ளது. நம் வாசகரில் கன்னியாகுமரி மாவட்டத்தார் பலருக்கு அது பக்கத்து ஊர். அங்கே கிரேனின் உச்சியில் ஆள் அமர்வதில்லை. தொலைவில் ஓர் அறையில் அமர்ந்து திரையைப் பார்த்து இயக்குகின்றனர். அவ்வேலையைச் செய்பவர்களில் உள்ளூர் மீனவக் குடும்பத்துப் பெண்களும் உண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது. இயந்திரம் வந்தால் வேலை போகும் என்பது பாதி உண்மை. போகும் வேலை ஒருவருக்கு, வரும் வேலை வேறொருவருக்கு என்பது மீதிப் பாதி. 2024 அக்டோபரில் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களில் சுமார் 45,000 தொழிலாளர் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்ததற்குக் கூலி உயர்வு மட்டுமன்று, இந்த அச்சமும் காரணம்.

ஒரு சகோதரனின் மூன்று வாரங்கள்

வில்லிங்டன் தீவில் கடற்படைத் தளத்தை ஒட்டியுள்ள வாத்துருத்தியில் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. பல ஆண்டுகளாகத் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். கலூர் போன்ற சந்திப்புகளில் அதிகாலையில் நின்று, வேலைக்கு ஆள் தேடி வருகிறவர்களை எதிர்பார்க்கும் வழக்கம் அவர்களில் மூத்தோருக்கு நன்கு தெரியும். அவர்களுடைய பிள்ளைகள் சந்திப்பில் நிற்பதில்லை. இருசக்கர வாகனத்தில் அமர்ந்து கைபேசியைப் பார்த்துக் காத்திருக்கின்றனர். உணவுப் பொட்டலமோ பயணியோ யாருக்கு என்பதைக் கைபேசிச் செயலி தீர்மானிக்கிறது. தகப்பன் சந்திப்பில் நின்றான். மகன் செயலியில் நிற்கிறான்.

எங்கள் சபையில் தேனிப் பக்கத்து வாலிபச் சகோதரன் ஒருவன் உணவு கொண்டு சேர்க்கும் வேலை செய்கிறான். பணி தொடங்குமுன் தன் முகத்தைத் தானே படம் எடுத்து அனுப்ப வேண்டும். அவன்தான் அவன் என்று இயந்திரம் ஒப்புக்கொண்டால்தான் வேலை. ஓர் ஆடி மாத மழைநாளில் மூன்று முறை படம் அனுப்பியும் இயந்திரம் ஒப்பவில்லை. கணக்கு முடக்கப்பட்டது. வேறொருவனை வைத்து வேலை செய்கிறான் என்னும் ஐயத்தின்பேரில் முடக்கியுள்ளோம் என்று ஒரு வரி வந்தது. உதவி எண்ணில் பேசியதும் இயந்திரமே. எழுதிக் கேட்டால் உடனே பதில் வரும். அதே பதில் வரும். ஞாயிறு ஆராதனை முடிந்து அவன் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணே, நான் நான்தான்னு யார்கிட்ட போய்ச் சொல்லணும்?"

வீட்டு வாடகையும், வண்டிக்கு வாங்கிய கடனின் தவணையும், ஊரில் தாயாருக்கு அனுப்ப வேண்டிய பணமும் அந்தக் கேள்வியில் அடங்கியிருந்தன.

சாப்பா எறிந்த மூப்பன் கொடியவன். ஆனால் அவனுக்கு ஒரு முகம் இருந்தது. அவன் முன்னே போய் நிற்க முடிந்தது, கெஞ்ச முடிந்தது, கடைசியில் எல்லாரும் ஒன்றாய்ச் சேர்ந்து அந்த முகத்துக்கு எதிரே, 'இனி குனிந்து பொறுக்கமாட்டோம்' என்று சொல்லவும் முடிந்தது. முகம் இருந்தால் நீதி கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இதே வல்லார்பாடம் முனையத்துக்குச் சாலையும் இருப்புப்பாதையும் அமைப்பதற்காக 2008 பிப்ரவரி 6-ஆம் தேதி மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அத்திட்டத்துக்காக இடம் இழந்த குடும்பங்கள் 316. அவர்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் அறிவித்தவர்கள் மனிதரே. ஆண்டுகள் பல கடந்தும் அநேகர் வீடு கட்டிக் குடியேற முடியாமற்போனதும் மனிதரின் கைகளில்தான். ஆயினும் அவர்கள் ஆட்சியர் அலுவலகத்தின் முன் போய் உட்கார முடிந்தது. என் சகோதரன் எந்த வாசலில் போய் உட்காருவான்?

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இயந்திரம் இலஞ்சம் கேட்பதில்லை. மூப்பனைப்போல் தன் சாதிக்காரனுக்கும் ஊர்க்காரனுக்கும் வில்லையை ஒளித்துக் கொடுப்பதும் இல்லை. 'மனிதரைவிட இயந்திரமே நீதியாய்ப் பிரித்துக் கொடுக்கும்' என்று படித்த விசுவாசிகள் சிலர் என்னிடம் வாதிட்டதுண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படி எண்ணினேன்.

தெலங்கானாவில் நடந்ததை அறிந்தபின் அந்த எண்ணம் மாறிற்று. அம்மாநிலத்தில் 'சமக்ர வேதிகா' என்னும் கணினி ஏற்பாடு, பல அரசுப் பதிவேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, யார் ஏழை, யார் ஏழையல்ல என்று சுட்டிக்காட்டியது. ஐதராபாத்தில் ரிக்சா இழுத்துப் பிழைத்த ஒருவரை, ஏறக்குறைய அதே பெயருடைய வேறொருவரோடு குழப்பி, கார் வைத்திருப்பவர் என்று அது பதிந்துகொண்டது. குடும்பத்தின் ரேஷன் அட்டை போயிற்று. அவர் புற்றுநோயால் இறந்தார். விதவையான மனைவி தன் வீட்டில் கார் இல்லை என்று மெய்ப்பிக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். 2016 முதல் நீக்கப்பட்ட அட்டைகள் சுமார் 19 இலட்சம். அவற்றை நேரில் சென்று மறுபடி சரிபார்க்கும்படி 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது. ஒரு பகுதி சரிபார்க்கப்பட்டபோதே 15,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தவறாக நீக்கப்பட்டவை என்று தெரியவந்தது. அங்கே கெட்ட எண்ணத்தோடு எவரும் பட்டியல் தயாரிக்கவில்லை. திரையில் கண்டதை அலுவலர் நம்பினார். எதிரே நின்ற பெண்ணின் வாய்ச்சொல்லை நம்பவில்லை. அவ்வளவே.

எலியாபின் உயரம்

இத்தகைய இயந்திரங்கள் எப்படித் தவறுகின்றன? அவற்றுக்கு நடந்து முடிந்தவற்றைக் காட்டியே கற்பிக்கின்றனர். அமேசான் நிறுவனம் வேலைக்கு விண்ணப்பிப்போரைத் தரம் பிரிக்க ஒரு கருவியைச் செய்து பார்த்தது. முந்தைய பத்து ஆண்டுகளில் வந்த விண்ணப்பங்களை அதற்குப் பாடமாக வைத்தனர். அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுடையவை. எனவே ஆண்களே ஏற்றவர்கள் என்று கருவி தானாகக் கற்றுக்கொண்டு, 'பெண்கள்' என்னும் சொல் வந்த விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது. அதைக் கைவிட்டனர் என்ற செய்தி 2018-இல் வெளியானது.

நம்முடைய வேதத்தில் சாமுவேல் ஈசாயின் வீட்டுக்குச் சென்ற நிகழ்ச்சியை (1 சாமுவேல் 16) நினைத்துப் பாருங்கள். மூத்தவன் எலியாபைக் கண்டவுடனே இவன்தான் என்று தீர்க்கதரிசி முடிவு செய்துவிட்டார். ஏன்? அதற்கு முன் அவர் அபிஷேகம் செய்த இராஜா ஒருவனே. அந்தச் சவுல் ஜனங்கள் எல்லாரையும்விட உயரமானவன். ஒரே உதாரணத்தைக் கண்டு, இராஜா என்றால் உயரம் என்று அவருடைய மனம் கற்றுக்கொண்டிருந்தது. பரிசுத்தவானாகிய சாமுவேலே அப்படிப் பார்த்தார் என்றால், இருதயத்தைக் காண வழியே இல்லாத இயந்திரம் வேறெப்படிப் பார்க்கும்? தாவீதோ அந்த வரிசையிலேயே இல்லை; ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தான். பட்டியலில் இல்லாதவனை அழைத்து வா என்று சொல்ல, பட்டியலுக்கு வெளியே ஒருவர் இருக்க வேண்டியிருந்தது.

செயற்கை நுண்ணறிவுதான் வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரத்தில் பேசுகிற அந்தச் சொரூபம் என்று சில பிரசங்கங்களில் கேட்கிறோம். முன்பு பொருட்களின் மேல் அச்சிட்ட கோடுகளையும், பின்பு ஆதார் எண்ணையும் அவ்வாறே சொன்னோம். இருந்தும், எல்லாரும் வரிசையில் நின்று ஆதார் எடுத்தோம். காலத்தைக் கணக்கிடும் அந்தப் போட்டியில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆனால் அதே அதிகாரத்தில் முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் கூடாதபடி ஆக்கப்படும் நிலையைக் குறித்து எழுதியிருப்பது, சாப்பாவின் வரலாறு தெரிந்தவனை நின்று யோசிக்கச் செய்கிறது. சாப்பா என்னும் சொல்லுக்கே முத்திரை என்றுதான் பொருள். பதினெட்டாம் அதிகாரத்தில் வியாபாரிகளின் சரக்குப் பட்டியல் ஒன்று வருகிறது. பொன், வெள்ளி, இலவங்கப்பட்டை, தூபவர்க்கம் என்று மட்டாஞ்சேரிப் பண்டகசாலையின் கணக்கேடுபோல் நீளும் அப்பட்டியலின் கடைசியில், மனுஷருடைய ஆத்துமாக்களும் சரக்காக எழுதப்பட்டிருக்கின்றன.

கூடாரவாசல்

நல்ல செய்திகளும் இல்லாமல் இல்லை. வல்லார்பாடம் பேருந்து புறப்படும் சந்திப்புக்குத் தன் பெயரைக் கொடுத்த கேரள உயர்நீதிமன்றம், 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது. தீர்ப்பையோ உத்தரவையோ முடிவு செய்யச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். நம் தமிழ்நாட்டரசு 2020-லேயே, பாதுகாப்பும் அறநெறியும் கூடிய செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊபர், ஓலா நிறுவனங்களுக்கு எதிராக ஓட்டுநர்கள் தொடுத்த வழக்குகளில், தங்களைப் பாதித்த தானியங்கி முடிவுகள் குறித்து விளக்கம் பெற ஓட்டுநர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்த்தது. 2025-இல் கர்நாடகம் இயற்றிய சட்டம் நமக்கு இன்னும் நெருக்கமானது. செயலிவழித் தொழிலாளியை நீக்குமுன் காரணத்தை எழுத்தில் தந்து 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்லுகிறது. பெங்களூரில் உள்ள நம் பிள்ளைகள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது. ஏட்டில் உள்ள சட்டம் எழுந்து நடக்கக் காலம் எடுக்கும் என்பது வேறு.

நம் சபைகளில் ஒரு விநோதத்தைக் கண்டிருக்கிறேன். காக்கநாட்டு இன்போபார்க்கில் மென்பொருள் எழுதும் சகோதரியும், அதுபோன்ற மென்பொருளின் கட்டளைப்படி வண்டி ஓட்டும் சகோதரனும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்த வரிசைகளில் அமர்ந்திருக்கின்றனர். ஒருவருக்கு மற்றவரின் வேலை தெரியாது. பொறியாளருக்காக ஜெபிக்கும்போது பதவி உயர்வுக்காக ஜெபிக்கிறோம். அவர் செய்யும் கருவியினால் பிழையாய்த் தள்ளப்படுகிறவன் முறையிட ஒரு வாசல் வைத்திருக்கிறாரா என்று எந்த மேய்ப்பரும் கேட்டதாக நான் அறியேன். கேட்கலாம்; அது ஆவிக்குரிய கேள்விதான். அந்தச் சகோதரி தன் அலுவலகக் கூட்டத்தில் கையுயர்த்தி, 'இதில் தவறு நேர்ந்தால் பேசப்போகிற மனிதர் யார்?' என்று ஒருமுறை கேட்டால், அது எந்தச் சாட்சிக்கும் குறைந்த சாட்சியன்று.

செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் (எண்ணாகமம் 27) ஆசரிப்புக் கூடாரவாசலில் வந்து நின்றதை நாம் சுதந்தரவீதம் பற்றிய பாடமாக மட்டும் வாசித்துவிடுகிறோம். ஆண்மக்கள் இல்லாத தகப்பனின் பங்கு என்னவாகும் என்பதை அப்போதைய ஒழுங்கு நினைத்துப் பார்க்கவில்லை. அப்பெண்கள் மோசேக்கும் எலெயாசாருக்கும் முன்பாக நின்று கேட்டனர். மோசே தமக்கு விடை தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வழக்கைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார். பெண்கள் கேட்டது சரியென்று கர்த்தர் சொன்னார். அதன்பின் அது இஸ்ரவேல் முழுமைக்கும் பிரமாணமாயிற்று. வாசலும், அதில் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆளும், தனக்குத் தெரியாததை ஒத்துக்கொள்ளும் தாழ்மையும் இருந்ததால் ஒரு குறை திருத்தப்பட்டது.

திராட்சத்தோட்ட எஜமான் (மத்தேயு 20) பதினோராம் மணி வேளையிலும் கடைத்தெருவுக்கு வருகிறார். காலையிலேயே ஆட்களை எடுத்தாயிற்று. கணக்குப்படி இன்னும் ஆள் எடுப்பது வீண். எந்த மென்பொருளும் அந்நேரத்தில் அவரை அனுப்பியிராது. அவரோ நிற்கிறவர்களிடம், ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று காரணம் கேட்கிறார். எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்று அவர்கள் சொல்லக் கேட்டு, அழைத்துப்போகிறார்.

எங்கள் சபைச் சகோதரனுக்காக இருவர் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினோம். ஆதார் நகல், ஓட்டுநர் உரிமம், மழையில் நின்று எடுத்த அந்த மூன்று படங்கள் எல்லாவற்றையும் இணைத்து, கிடைத்த முகவரிகளுக்கெல்லாம் பதிவுத்தபாலிலும் அனுப்பினோம். எதனால் பலித்தது என்று தெரியவில்லை. 22-ஆம் நாள் காலையில் கணக்கு தானாகத் திறந்திருந்தது. காரணமும் இல்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை. அவன் உடனே வேலைக்குப் போய்விட்டான். இப்போதும் வாத்துருத்தி இரயில்வே கேட்டருகே, புறப்படுமுன் சட்டை நுனியால் கைபேசியின் கண்ணைத் துடைத்து, முகத்தை நேரே நிமிர்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு படம் எடுக்கிறான்.